சம்பந்தி வீட்டு டச்சு முயல்

அந்த முயலை நான் வாங்கியிருக்கவே கூடாது. வாங்கியதுதான் வாங்கினேன், அதற்குக் காகிதம் கேட்டிருக்கக் கூடாது. இந்தப் புத்தி இப்போது வருகிறது. அப்போது பதினைந்து நாள் நான் பட்ட குழப்பத்தை நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சலாக இருக்கிறது.

பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்க்கிற வேலை எனக்கு. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. யாராவது என் மேசைக்கு முன்னால் வந்து நின்றால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பேன். கையில் அசல் இருக்கிறதா, நகல் இருக்கிறதா, நகலில் கையெழுத்து இருக்கிறதா என்று. "எமன் வந்து நின்னாலும் அவன்கிட்ட அடையாள அட்டை கேப்பிய" என்பாள் என் மனைவி. கேட்டால் என்ன தப்பு என்றுதான் எனக்குத் தோன்றும்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் நான் அப்படித்தான் இருந்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் வாழை போடுகிற குடும்பம். மாப்பிள்ளைக்குக் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. படிப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, வேலை உத்தரவு எல்லாவற்றையும் அவருடைய அப்பா ஒரு மஞ்சள் பையில் போட்டு, நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார். எனக்கு அதுவும் போதவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு உச்சி வெயிலில், மனைவியிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறிக் கங்கைகொண்டானுக்குப் போனேன். தொழிற்சாலை வாசலில் நின்று அங்கிருந்த வாட்ச்மேனிடம் விசாரித்தேன். இந்தப் பெயரில் ஆள் இருக்கிறாரா, வேலை நிரந்தரம்தானா, குடிப்பழக்கம் உண்டா, வேறு ஏதாவது சங்கதி உண்டா. அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பையன் தங்கம் என்றார்.

நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன சம்மந்தி, முகமெல்லாம் கறுத்துக் கெடக்கு, வெயில்ல எங்கயும் அலைஞ்சியளா?" என்று கேட்டார்.

"பேங்குக்குப் போயிருந்தேன்" என்றேன்.

மாப்பிள்ளை நிஜமாகவே தங்கமாக இருந்துவிட்டார். அதனால்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. கல்யாணமாகி மூன்று வருடத்தில் நான் அங்கே போகும்போதெல்லாம் சம்பந்தி தானே நின்று பரிமாறுவார். வாசலில் நின்று பையனைப் பற்றிக் குடிகாரனா என்று விசாரித்தவன் நான் என்று தெரிந்தால் அந்தக் குடும்பம் என்ன நினைக்கும்? என்னை நினைப்பது இருக்கட்டும். அந்த வீட்டில் இருப்பவள் என் மகள். பேச்சு வந்தால் அவள் தலையில்தான் விடியும். இந்த ஒரு பயம் எனக்கு உள்ளுக்குள்ளே இருந்துகொண்டே இருந்தது.

சம்பந்திக்கு முயல் வளர்ப்பில் பைத்தியம். வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்டத்தை ஒட்டி வரிசையாகக் கம்பிக்கூண்டு போட்டு இருபது இருபத்தைந்து முயல் வைத்திருக்கிறார். போன தடவை போனபோது ஒரு கூண்டின் முன்னால் நின்றவன் நின்றுகொண்டே இருந்தேன். டச்சு முயல். முன்பாதி வெள்ளை, பின்பாதி கறுப்பு. நடு உடம்பில் இரண்டு நிறமும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி பிரிகிறது. முகத்தில் காதும் கன்னமும் கறுப்பு, நடுவே நெற்றியிலிருந்து மூக்கு வரை வெள்ளைப் பட்டை. பின்னங்கால் நுனியில் வெள்ளைச் சாக்ஸ்.

"இது போட்டிக்குப் போற உருப்படி" என்றார் சம்பந்தி. "மத்ததெல்லாம் வளக்கதுக்கு. இது மேசையில ஏத்தி வைக்கதுக்கு."

எனக்குத் தா என்று கேட்க வாய் வரவில்லை, விலைக்குக் கேட்டேன். பொண்ணு கொடுத்தவரிடம் முயலுக்கு விலையா என்று அவர் முறைத்தார். நான் பிடிவாதமாகப் பணத்தைக் கூண்டின்மேல் வைத்துவிட்டு, முயலைக் கூடையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரமே பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் செல்லப்பிராணிக் கண்காட்சி என்றும், முயலுக்குத் தனியாகப் போட்டி உண்டு என்றும் நோட்டீஸ் வந்தது. நோட்டீஸை எடுத்துவந்தவள் மனைவி. "நம்ம முயலுக்கு என்ன கொறச்சல்?" என்றாள். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன். அவருக்கு இந்த உலகத்தில் தெரியாத விஷயமே கிடையாது.

"காயிதம் இருக்கா வே? அப்பன் யாரு, ஆத்தா யாரு, அதுகளுக்கு அப்பன் ஆத்தா யாருன்னு மூணு தலைமுறை எழுதியிருக்கணும். அது இல்லாம ஒருத்தனும் உள்ள விடமாட்டான்."

காகிதம் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குக் கைகால் பரபரத்தது. அன்று மாலையே சம்பந்திக்குப் போன் போட்டேன். முயலுக்கு வம்சாவளிக் காகிதம் ஏதும் உண்டா என்று கேட்டேன்.

"காயிதமா?" என்றார். பிறகு சிரித்தார். "ஆட்டும், பாப்போம்" என்று வைத்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு? இதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கோபத்தில் சிரித்தாரா? 'வந்துட்டான்யா காயிதக்காரன்' என்று சிரித்தாரா? அல்லது கங்கைகொண்டான் விஷயம் எப்படியோ காதுக்குப் போய், இவன் புத்தி இதுதானே என்று சிரித்தாரா? தினம் ஒரு போனாவது போடுகிற மனிதர் அதற்குப் பிறகு பேசவே இல்லை. ஒரு வாரம் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று.

மகளுக்குப் போன் போட்டுச் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"மாமா எப்பிடி இருக்காவ?"

"நல்லாத்தான் இருக்காவ. ஏம்ப்பா?"

"என்னையப் பத்தி ஏதும் சொன்னாவளா?"

"ஒண்ணும் சொல்லலையே. ரெண்டு நாளா அலமாரியைப் போட்டு உருட்டிக்கிட்டு இருக்காவ. கேட்டா பதில் சொல்ல மாட்டங்காவ."

அலமாரியை எதற்கு உருட்டுகிறார்? மாப்பிள்ளையின் சான்றிதழ் வைத்திருந்த மஞ்சள் பையை எடுக்கிறாரா? அதை எடுத்து என்ன செய்யப் போகிறார்? நான் யோசித்த யோசனைக்கு எல்லையே இல்லை.

இதற்கிடையில் முயலைப் பற்றியும் சந்தேகம் வந்துவிட்டது. காகிதம் இல்லை என்றால் இது டச்சுதானா? ஸ்கேலை எடுத்து அளந்தேன். இடது கால் சாக்ஸைவிட வலது கால் சாக்ஸ் அரை விரல் நீளம் கூடுதல். கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் காதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "டச்சு மாதிரிதான் இருக்கு" என்றார். மாதிரி என்றால்? டச்சு என்று ஏன் சொல்லவில்லை? மாதிரிதான் என்று அழுத்திச் சொன்னாரே, அது இன்னும் மோசமா, பரவாயில்லையா? வீட்டுக்கு வந்து முயலைப் பார்த்தால் அழகாக இருக்கிறது. காகிதத்தை நினைத்துக்கொண்டு பார்த்தால் அழகு குறைகிறது. அதுபாட்டுக்கு அகத்திக்கீரை தின்றுகொண்டிருந்தது.

போட்டிக்கு முந்தின நாள் மகள் போன் செய்தாள். "மாமாவும் நானும் காலையில மண்டபத்துக்கே வாரோம்ப்பா. அவிய உங்ககிட்ட நேர்ல ஏதோ பேசணுமாம்."

நேரில் பேச வேண்டும் என்றால் விஷயம் அதுதான்.

காலையில் மனைவியையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு முயல் கூடையோடு போனேன். வாசல் மேசையில் இருந்தவர் முயலின் வயது, எடை, இனம் கேட்டு எழுதிக்கொண்டார். நானாகவே, "சார், காகிதம் மட்டும் கைவசம் இல்லை" என்றேன்.

"என்ன காகிதம்?"

"வம்சாவளி."

"அதெல்லாம் குட்டி விக்கிறவங்க வாங்குறவங்க பாத்துக்கிறது. இங்க மேசையில வைக்கிற முயலைத்தான் சார் பாப்போம்."

நான் அங்கேயே நின்றேன். பின்னால் இருந்தவர் நகருங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. யாருமே கேட்காத ஒரு காகிதத்துக்காக நான் சம்பந்தியிடம் வாய்விட்டிருக்கிறேன். அந்த நிமிஷம் பக்கத்து இருக்கைக்காரர் கையில் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

நடுவராக இருந்தது ஓர் அம்மாள். முயலை மல்லாக்கப் புரட்டிப் பல்லைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், நடு உடம்பின் கோட்டின்மேல் பைய விரலை ஓட்டினார். வலது கால் வெள்ளை கொஞ்சம் நீளம் என்று நான் கண்டுபிடித்ததையே அவரும் சொன்னார். கோடு மட்டும் அருமை என்றார். இரண்டாம் பரிசு. "யார் வளர்த்தது?" என்று கேட்டார். கூட்டத்துக்குப் பின்னால் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். நான் அவரைக் காட்டினேன். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து கும்பிட்டார்.

பரிசு வாங்கிய கையோடு என்னை மண்டபத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். மனைவியும் மகளும் உள்ளே முயலோடு இருந்தார்கள். டீ வாங்கிக் கையில் கொடுத்தார்.

"காயிதம் கேட்டிய. இதோட தாய் மொயலை வாங்கினப்ப ஒரு நோட்டுல குறிச்சு வச்சிருந்தேன். அலமாரி பூராவும் தேடிட்டேன், அம்புடல. அதைப் போன்ல சொல்லுததுக்குக் கூச்சமா இருந்து. அதான் நேர்ல சொல்லலாம்னு."

இவ்வளவுதானா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் கேட்டதே தப்பு சம்மந்தி, மன்னிச்சிருங்க" என்றேன்.

"கேட்டா என்ன? நீங்க கேக்க ஆளுதான, அது எனக்கு அப்பமே தெரியும்லா" என்று டீயை ஒரு வாய் குடித்தார். "கங்கைகொண்டான் பாக்டரி வாசல்ல நீங்க விசாரிச்சியளே, அந்த வாட்ச்மேன் எங்க சித்தப்பா மவன். நீங்க திரும்பி பஸ் ஏறுததுக்குள்ள எனக்குப் போன் போட்டுட்டான்."

அப்படியென்றால் நிச்சயதார்த்தத்தன்றே தெரியும். வெயிலில் அலைந்தீர்களா என்று கேட்டபோது தெரியும். பேங்குக்குப் போனேன் என்று நான் சொன்னபோது தெரியும். மூன்று வருடமாக இலைக்கு முன்னால் குனிந்து, இன்னும் கொஞ்சம் வாங்கிக்கோங்க என்று பரிமாறியபோதெல்லாம் தெரியும்.

"எம்பொண்ணுக்குத் தெரியுமா?" என்றேன். எனக்குக் கேட்க வந்தது அது ஒன்றுதான்.

"அவளுக்கு எதுக்கு? நான் வீட்டுல ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சொன்னா அந்தப் பிள்ளையத்தான ஒரு மாதிரி பாப்பாவ."

கையிலிருந்த டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுக்கத் திரும்பினேன். அதற்குள் மகள் முயல் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, அப்பா ஏன் ஒரு மாதிரி இருக்காவ?" என்று அவரிடம் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் சம்பந்தி. "உங்க அப்பாவுக்கு வெயில் ஒத்துக்கிடாது. உள்ள கூட்டிட்டுப் போ."