தோலில் சுற்றிய கார்கள்

பத்து வயதில் எனக்கு ஐம்பத்திரண்டு நண்பர்கள் இருந்தார்கள். ஒருவரும் என்னைப் பார்த்ததில்லை. எல்லோரும் என்னை 'ஆம்பூர் சார்' என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். சார் அப்போது ஐந்தாம் வகுப்பு. இரட்டைச் சடை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டதும் தானே பூட்டைத் திறந்து, தானே சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அம்மாவின் கம்பெனி வண்டி தெருமுனையில் வந்து நிற்கும் சத்தத்துக்காக ஏழு மணிவரை காத்திருக்கிற ஆள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேறு வேறு ஷூ கம்பெனியில் வேலை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. தெருவில் இருந்த பிள்ளைகள் டியூஷனுக்குப் போய்விடுவார்கள். சுவரில் இருந்த பல்லியோடு பேசிப் பார்த்திருக்கிறேன், அதுவும் டியூப் லைட்டுக்குப் பின்னால் போய்விடும்.

உண்மையான ஆம்பூர் சார் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. எங்களோடுதான் இருந்தார். அவரிடம் முப்பத்தேழு கார்கள் இருந்தன. உள்ளங்கையில் அடங்குகிற உலோகக் கார்கள். பொம்மை என்று சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும், மாடல் என்றுதான் சொல்ல வேண்டும். முன்னறையில் கண்ணாடி வைத்த ஒரு ஷெல்ஃப் செய்து, அதில் சின்ன அட்டைத் துண்டுகளின் மேல் ஒவ்வொரு காரையும் ஏற்றி வைத்திருப்பார். சக்கரம் தரையில் படக் கூடாதாம். பட்டால் ரப்பர் இளகி ஒட்டிக்கொள்ளுமாம். வெயில் ஆகாது, ஈரத்துணி ஆகாது, காரை வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது கூரையை இல்லை, அடித்தகட்டை. அங்கே இருக்கிற ரிவிட்டைச் சுற்றிக் கீறல் இருந்தால் யாரோ பிரித்து, வேறு பெயிண்ட் அடித்து, ஏமாற்றி விற்கிறான் என்று அர்த்தம்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. காரைத் தோலில் சுற்றக் கூடாது. எங்கள் ஊரில் கண்ணாடியோ கடிகாரமோ பத்திரமாக வைக்க வேண்டும் என்றால் கம்பெனியில் மிஞ்சிய மெத்தென்ற தோல் துண்டில்தான் சுற்றுவார்கள். பதப்படுத்தும்போது போட்ட அமிலம் அந்தத் தோலில் கொஞ்சம் தங்கியிருக்கும், மூடிய இடத்தில் வருஷக்கணக்கில் கிடந்தால் உலோகத்தைத் தின்றுவிடும் என்பார் மாமா. இதைத் தோல் மண்டியில் வேலை பார்த்த அவரே சொன்னதால், மாடல் கார் சேகரிப்பவர்களின் வாட்ஸப் குழுவில் அவருக்குத் தனி மதிப்பு. கோயம்புத்தூர், பெங்களூர், திருச்சி என்று எங்கெங்கோ இருந்தவர்கள் தோல் உறை போட்ட பெட்டிகளைக் காலி செய்துவிட்டு அவருக்கு நன்றி சொன்னார்கள்.

அந்த மாமா, தன்னோடு வேலை பார்த்த ஒரு அக்காவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக ஒருநாள் சொன்னார். அந்த அக்கா வேறு மதம். ஆலங்காயத்திலிருந்து தாத்தா வந்தார். பெரிய ரகளை. அப்பா மாமாவின் போனைப் பிடுங்கிக்கொண்டார், தாத்தா அதிலிருந்த சிம் கார்டை எடுத்து இரண்டாக உடைத்தார். மூன்றாம் நாள் காலையில் மாமா ஒரே ஒரு பையோடு போய்விட்டார். ஒரு காரைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் அவர் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்று ஆனது. அம்மா மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் ஷெல்ஃபைத் திறந்து ஒவ்வொரு காராகத் துடைப்பாள். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

சிம்மை உடைத்தாலும் குழு உடையாது என்பது பெரியவர்கள் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. அப்பாவின் மேசை டிராயரில் போன் கிடந்தது. அதைத் திறக்க விரலால் எந்தக் கோலம் போட வேண்டும் என்பதும் தெரியும். மாடி வீட்டு அக்கா வைஃபை பாஸ்வேர்டு கொடுத்தார். "ஜாஸ்தி பாக்காத பாப்பா, கண்ணு கெட்டுடும்" என்று உருதுவில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். போனைத் திறந்தால் ஐம்பத்திரண்டு பேர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். 'ஆம்பூர் சார், எங்கே ஆளையே காணோம்?' என்று ஒருவர் கேட்டிருந்தார்.

என்னை ஒருவர் தேடுகிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவர் தேடியது என்னை அல்ல என்பதெல்லாம் அப்போது ஒரு பொருட்டாகவே படவில்லை. 'கொஞ்சம் வேலை, சார்' என்று பதில் போட்டேன்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் நான் நிபுணர். யாராவது ஒரு பச்சை வேனின் படத்தைப் போட்டு 'ஒரிஜினலா?' என்று கேட்டால், 'அடித்தகட்டைக் காட்டுங்க' என்பேன். ரிவிட்டைப் பார்ப்பேன். 'யாரோ பிரிச்சிருக்காங்க சார்' என்று தீர்ப்புச் சொல்வேன். ஒரு டாக்டர் என்னிடம் சந்தேகம் கேட்டிருக்கிறார். கணக்குப் பரீட்சையில் பதினெட்டு மார்க் வாங்கிய அன்றைக்குத்தான் அவர் எனக்கு நன்றி சொன்னார்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய காராவது உடைந்தாலோ தொலைந்தாலோ, மற்றவர்கள் தங்கள் கார் ஒன்றைத் திருப்பி நிற்க வைத்து அதன் பின்பக்கத்தைப் படமெடுத்துப் போடுவார்கள். அதுதான் துக்கம் விசாரிப்பது. பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நாலைந்து மாதம் கழித்துப் புதிதாக ஒருவர் சேர்ந்தார். பெயர் போடவில்லை, படமும் இல்லை. 'உங்ககிட்ட எத்தனை கார் இருக்கு?' என்று கேட்டேன். 'இப்போ ஒண்ணும் இல்ல' என்றார். எனக்கு ஏளனமாகப் போயிற்று. கார் சேகரிப்பவர்கள் குழுவில் கார் இல்லாத ஆளுக்கு இன்னா வேலை?

ஆனால் அவர் என்னிடம் மட்டும்தான் கேள்வி கேட்டார், அது பிடித்திருந்தது. ஒருநாள் மாமாவின் வெள்ளை அம்பாசிடரை மேலிருந்து படமெடுத்துப் போட்டேன். புதியவர் உடனே கேட்டார்: 'இடது பக்கம் முன் அச்சு லேசா வளைஞ்சிருக்குமே. இன்னும் அப்படியேதான் இருக்கா?' திருப்பிப் பார்த்தேன். வளைந்திருந்தது. கூரையைப் பார்த்தே அடியில் இருப்பதைச் சொல்கிற ஆளை நான் அதுவரை கண்டதில்லை. பயங்கரமான நிபுணர், வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

அவருடைய மற்ற கேள்விகள் சாதாரணமானவை. ஷெல்ஃப் அதே இடத்தில்தான் இருக்கிறதா? வெயில் விழுகிறதா? யார் துடைக்கிறார்கள்? நான் மாமாவாக இருந்தேன் அல்லவா, அதனால் 'எங்க அக்கா, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை' என்று எழுதினேன். அவர் ஏதோ டைப் செய்கிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடியும் காட்டியது. இவ்வளவு நேரம் எடுத்து என்னமோ பெரிதாகக் கேட்கப் போகிறார் என்று பார்த்தால், 'காய்ஞ்ச துணிதானே?' என்று மட்டும் வந்தது.

அடுத்த மாதம் அப்பாவுக்குக் கம்பெனியில் ஏதோ பேஜார். வீட்டுக்கு வந்ததும் ஷெல்ஃபைப் பார்த்துக் கத்தினார். "போனவனே போய்ட்டான். இந்த டப்பாவெல்லாம் இன்னாத்துக்கு? நாளைக்கு வந்து பாக்கும்போது இருந்துதுன்னா, நானே எடைக்குப் போட்டுடுவேன்."

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஷெல்ஃப் காலி. முப்பத்தேழு அட்டைத் துண்டுகள் மட்டும் வரிசையாக இருந்தன. அம்மா வந்ததும் வராததுமாகக் கேட்டேன்.

"போய்டுச்சு" என்றாள். "உனக்கு இன்னா அதப்பத்தி? போய்ப் படி."

எனக்கு அழுகை வந்தது. கார்கள் போனதற்காகப் பாதி. இனிமேல் படம் போட ஒன்றும் இல்லாத ஆளை யார் சார் என்று கூப்பிடுவார்கள் என்பதற்காகப் பாதி. அடுத்த நாள் சாயங்காலம் போனை எடுத்துக் குழுவில் எழுதினேன்: 'என் கார் எல்லாம் எடைக்குப் போயிடுச்சு.' எழுதிய பிறகு அது போதாது என்று தோன்றியது. இன்னொரு வரி சேர்த்தேன்: 'வீட்டுல யாருக்கும் வேணாம்னு சொல்லிட்டாங்க.'

அந்த இரண்டாவது வரியை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாக எழுதினேன். இரக்கம் கொஞ்சம் ஜாஸ்தி கிடைக்கும் என்றுதான் எழுதினேன்.

கிடைத்தது. ஏழு மணிக்குள் நாற்பத்தொரு கார்கள் எனக்கு முதுகைக் காட்டி நின்றன. பஸ், ஜீப், ரேஸ் கார், ஒரு தீயணைப்பு வண்டி. டாக்டர் இரண்டு போட்டிருந்தார். அந்த வருஷத்திலேயே நான் தனியாக இல்லாத சாயங்காலம் அதுதான். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புதியவர் ஒன்றும் போடவில்லை.

ஆறேழு மாதத்தில் போனின் பேட்டரி உப்பிச் செத்தது. என் நண்பர்கள் அத்தனை பேரும் அதோடு போனார்கள். நான் வளர்ந்தேன், கல்லூரிக்குப் போனேன்.

போன வருஷம் தாத்தா செத்துப்போனார். பதினாறாம் நாள் காரியத்தை எங்கள் வீட்டில் வைத்தோம், மாமா வந்தார். தலையில் பாதி நரைத்திருந்தது. அப்பா எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார், அவரால் முடிந்தது அவ்வளவுதான். மாமா ஷெல்ஃபைப் பார்த்தார். அதில் அப்போது என் காலேஜ் புத்தகங்கள் இருந்தன.

"எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டீங்கன்னு தெரியும்க்கா. பரவால்ல" என்றார்.

"யார்றா சொன்னது?" என்று அம்மா கேட்டாள்.

அம்மா உள்ளே போய், பீரோவின் அடித்தட்டில் பழைய புடவைகளை விலக்கி, ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதைத் திறந்தபோதுதான் எனக்கே தெரியும். முப்பத்தேழு பொட்டலங்கள். ஒவ்வொன்றும் மெத்தென்ற தோலில் சுற்றி, நூலால் கட்டியிருந்தது.

"கைக்கொழந்த ஷூவுக்கு உள்ள வெக்கிற தோலுடா" என்றாள். "சூப்பர்வைசர் கிட்ட கேட்டுக் கேட்டு வாங்கியாந்தேன். இதவிட மெத்துன்னு வேற கெடையாது."

மாமா ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை அம்பாசிடர். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, கதவோரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அடித்தகட்டைத் தொட்டதும் மாவாக விரலில் ஒட்டியது. ஐம்பத்திரண்டு பேருக்கு நான் நடத்திய பாடத்தை, ஒரே வீட்டில் இருந்த ஒரு ஆளுக்குச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

"ஏதோ மாவாட்டம் படியுது. நானும் தொடச்சித் தொடச்சித்தான் வெக்கிறேன், மறுபடியும் வந்துடுது. எதுனா தப்பாடா?" என்று கேட்டாள் அம்மா.

மாமா எல்லாக் காரையும் நிதானமாகப் பிரித்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றையும் அதே தோலில் சுற்றினார்.

"பழசானா அப்டிதான்க்கா வரும்" என்றார். "நல்லா வெச்சிருக்க."

மாமா சாப்பிட்டுவிட்டுக் கொல்லையில் கை கழுவும்போது நான் சொம்போடு நின்றேன். அவரே ஆரம்பித்தார்.

"அம்பாசிடர் அச்சு வளைஞ்சது யாரால தெரியுமா? நாலு வயசுல நீ ஏறி மிதிச்ச."

"மாமா, அந்த குரூப்புல..."

"நீதான்னு மொதல்லியே தெரியும் பாப்பா. போட்டோ ஓரத்துல உன் வெரலு உழுந்திருந்துது, நகத்துல மையோட. நான்தான்னு சொல்லியிருந்தா உங்கப்பா போனப் புடுங்கியிருப்பாரு." கையை உதறினார். "வேற யார்னா சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். கொழந்த சொல்லுதேன்னு நம்புனேன்."

அவ்வளவுதான் பேசினார். அந்த இரண்டாவது வரியை நானாக எழுதினேன் என்று அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பத்து வயதில் அந்தச் சாயங்காலம், முதுகைக் காட்டி நின்ற கார்களுக்கெல்லாம் கீழே, சாம்பல் நிற எழுத்தில் ஒரு வரி வந்தது. புதியவர் குழுவை விட்டு வெளியேறினார் என்று. எனக்குக் கோபம் வந்தது. நான் இவ்வளவு பெரிய துக்கத்தில் இருக்கும்போது ஒரு வார்த்தை விசாரிக்காமல் போகிறாரே, என்ன மனுஷன் என்று தோன்றியது. 'கார் இல்லாதவங்களுக்கு இதோட அருமை புரியாது, போகட்டும் விடுங்க' என்று எழுதினேன். டாக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தெருமுனையில் அம்மாவின் கம்பெனி வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. போனை டிராயரில் வைத்துவிட்டுக் கதவைத் திறக்க ஓடினேன்.