ஜீப்புக்குக் கதவு எதற்கு?

வண்டிக்குக் கதவு மாட்டத் தெரிந்தவனைவிடக் கழற்றத் தெரிந்தவனுக்குத்தான் எங்கள் செஞ்சியில் மரியாதை அதிகம். திருவண்ணாமலை ரோட்டில் ஜீப் பட்டறை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ரிப்பேருக்கு வருவதில்லை. கம்பெனிக்காரன் தெரியாத்தனமாக வண்டிக்குக் கதவு வைத்துவிட்டான், அதை எடுத்துவிட வேண்டும் என்று வருகிறார்கள். எடுப்பதற்கு முன்னால், "கதவு இல்லாம ஓட்டினா கேஸ் ஆவுமா?" என்று என்னைக் கேட்பார்கள். நான் படித்தது ஐ.டி.ஐ. இருந்தாலும் கிரீஸ் கையோடு ஹைகோர்ட் வேலையும் பார்க்கிறேன். "ரோட்டுல ஓடற வண்டி ஆர்.சி.ல பதிவான மாதிரி இருக்கணும். சொந்த நிலத்துல எப்படி வேணா ஓட்டிக்கோ" என்பேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, கழட்டுங்க" என்பார்கள். ஊருக்கு யோசனை சொல்லியே ஒழிந்துபோன சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோட்டை பார்க்க வந்த கோமான்கள்

சென்னையிலிருந்து மூன்று பேர் புத்தம்புது ஜீப்பில் வந்தார்கள். கோட்டை பின்னால் தெரிய, கதவில்லாத வண்டியில் காலைத் தொங்கப்போட்டு வீடியோ எடுக்க வேண்டுமாம். "சைடு கண்ணாடி கதவுலதான் இருக்குது, கதவு போனா அதுவும் போச்சு, பின்னால லாரி வந்தா தெரியாது" என்றேன். யோசித்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வாங்கி வந்தார்கள். அதைப் பின் சீட்டுக்காரன் கையை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டான். அறிவு என்றால் இதுதான் அறிவு.

கூட்டு ரோட்டில் ஏட்டையா நிறுத்திவிட்டார். எனக்குப் போன் வந்தது. பட்டறையில் கழற்றி வைத்த கதவுகளை டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். ஓட்டினவன் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தான். "அவ்ளோ பெரிய கோட்டைக்கே கதவு இல்ல சார், ஜீப்புக்கு எதுக்கு சார்?" என்று கேட்டான். ஏட்டையா மலையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அபராத மிஷினைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "கோட்டை ரோட்டுல ஓடலியே தம்பி."

நயினாரின் விரதம்

மேல்சித்தாமூரிலிருந்து ஒரு நயினார் வருவார், சமணர். நெல் வியாபாரம். பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத மனுஷர். அவருக்கும் யாரோ ஆசை காட்ட, கதவைக் கழற்றச் சொல்லி ஜீப்போடு வந்து நின்றார். நான் வழக்கம்போலச் சட்டம் சொன்னேன், அவரும் வழக்கம்போலக் கேட்கவில்லை.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்கிறார். போலீஸ் பிடித்ததா என்றேன். இல்லையாம். ஏரிக்கரையோரம் அந்தி நேரத்தில் போயிருக்கிறார். எதிரில் வந்தவர் வணக்கம் சொல்ல, இவர் பதில் வணக்கம் சொல்ல வாயைத் திறந்திருக்கிறார். கதவில்லாத பக்கமாக வந்த ஈசல் வாய்க்குள் போய்விட்டது. உயிரும் போச்சு, விரதமும் போச்சு என்று நிஜமாகவே கண் கலங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது. கதவை மாட்டினேன். "சட்டம் சொன்னா கேட்டிருக்க மாட்டேன் தம்பி, அந்த ஈசல் சொல்லுச்சு" என்றார்.

ரேடியோ செட் ஏழுமலை

இவன் கதைதான் என் பாதி முடியைக் கொட்ட வைத்தது. மண்டகப்பட்டு ஏழுமலை, திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டுகிறவன். அலமாரி அளவு ஸ்பீக்கர் பெட்டிகள் பக்கவாட்டில் நுழையவில்லை என்று பழைய ஜீப்பின் இரண்டு கதவுகளையும் என்னிடம்தான் கழற்றினான். பல வருஷம் அப்படியே ஓட்டினான். வழியில் ஒரு வளைவில் ஆம்ப்ளிஃபயர் ஒன்று அதுவாகவே இறங்கிக்கொண்டது. அப்போதும் அவனுக்குக் கதவு ஞாபகம் வரவில்லை.

இந்த வருஷம் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆடி பிறக்கப்போகிறது, ஊர் ஊராகக் கூழ் ஊற்றுவார்கள், எல்லாவற்றுக்கும் முன்பணம் வாங்கிவிட்டான். கையெழுத்து இல்லையென்றால் ஜீப் பழைய இரும்பாக எடைக்குப் போகும், அவன் வேறு ஒருத்தன் செட்டுக்கு ஒயர் இழுக்கப் போக வேண்டும். ஒரு கதவு என் பட்டறையிலேயே இருந்தது. தீப்பொறி ரோட்டுக்குத் தெறிக்காமல் என்னிடம் வெல்டிங் பார்க்கிற காசிம் பாய் அதை மறைப்பாக நிறுத்தியிருந்தார், அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. இன்னொன்று எங்கே என்று கேட்டேன். ஏழுமலை தலையைச் சொறிந்தான். "அது இப்ப வேற டூட்டில இருக்குதுண்ணா."

பட்டிக் கதவு

வேறு டூட்டி என்றால் ஆட்டுப் பட்டிக்குக் கதவு. அவன் பெண்சாதி செல்வி அதற்கு வெளிப்பக்கம் கொக்கிச் சங்கிலி வைத்து, கண்ணாடி இருந்த இடத்தில் கம்பி வலை அடித்து, நன்றாகவே பராமரித்திருந்தாள். கம்பெனிக்காரன்கூட இவ்வளவு அக்கறையாகச் செய்திருக்க மாட்டான்.

கதவைக் கொடு என்றதும் செல்வி இடுப்பில் கை வைத்தாள். நாய் வந்து குட்டியைக் கடித்தால் யார் பொறுப்பு என்றாள். நான் ஆர்.சி. என்றேன், சட்டம் என்றேன், எடைக்குப் போகும் என்றேன். ஏழுமலை ஜீப்பைத் தடவிக்கொண்டு நின்றான். அதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "எடுத்துட்டுப் போங்க. ஆனா கதவு எங்க போவுதோ, ஆடும் அங்கதான் வரும்."

உள்ளே யார்?

சும்மா சொல்லவில்லை. பரிசோதனை அன்று ஜீப்பின் பின்பக்கம் ஆடுகளை ஏற்றிக்கொண்டு அவளும் வந்துவிட்டாள். வலையை எடுத்துக் கண்ணாடி போட எனக்கு நேரம் இருந்தது. சங்கிலியை அறுக்கத்தான் மறந்துபோனேன். இன்ஸ்பெக்டர் சுற்றி வந்து பார்த்தார். புள்ளி விழுந்த கதவைத் தட்டிப் பார்த்தார். பின்னால் எட்டிப் பார்த்து, "உள்ள யாரும்மா?" என்றார். "கதவுக்குச் சொந்தக்காரங்க சார்" என்றாள் செல்வி.

பட்டியிலிருந்து வந்த கதவு உள்ளேயிருந்து திறக்கிறதா என்று பார்க்க அவர் அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கில் ஏழுமலை. செல்வி மரியாதையாகக் கதவைச் சாத்தினாள். சாத்தினவள், தினமும் சாயங்காலம் செய்கிற பழக்கத்தில், சங்கிலியை இழுத்து ஜீப்பில் தார்ப்பாய் கட்டுகிற வளையத்தில் மாட்டிவிட்டாள். இன்ஸ்பெக்டர் தள்ளுகிறார், திறக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கிடா அவர் சட்டைக் காலரை மெல்ல ஆரம்பித்தது. ஆடி முழுக்கப் போச்சு என்றுதான் நினைத்தேன். நானே ஓடிப்போய்க் கொக்கியை எடுத்தேன்.

இறங்கி வந்தவர் காலரைத் துடைத்தார். செல்வியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "கதவே இல்லாம வர்ற வண்டிய நிறைய பாத்திருக்கேன். இவ்ளோ நல்லா சாத்திக்கிற கதவ இன்னிக்குத்தான் பாக்கறேன். சங்கிலிய அறுத்து எடுத்துட்டு வா, கையெழுத்து போடறேன்."

கையெழுத்துக்குப் பிறகு

ரெண்டு நாள் கழித்து இருவரும் ஜீப்போடு வந்தார்கள். கதவைக் கழற்றச் சொல்வார்கள் என்று ஸ்பேனரை எடுத்து ஒளித்து வைத்தேன். விஷயம் வேறு. பட்டிக்குக் கதவு இல்லாததால் ஆடுகள் ஜீப்பிலேயே படுக்கின்றன. ஸ்பீக்கர் ஏற்ற இடம் இல்லை. சட்டப்படி பார்த்தால் வண்டியில் ஒரு குறையும் கிடையாது.

காசிம் பாய் பழைய தகரத்தில் பட்டிக்கு ஒரு கதவு அடித்துக் கொடுத்தார். நான் ஜீப்பின் பின் சீட்டைக் கழற்றினேன். பெட்டி பின்பக்கமாக அலுங்காமல் உள்ளே போனது. இத்தனை வருஷமாக இது எனக்குத் தோன்றவே இல்லை. ஏழுமலை சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான். வண்டியைக் கிளப்பினவன் என்னவோ நினைத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினான். "ண்ணா, பின் சீட்டு இல்லாம ஓட்டினா கேஸ் ஆவுமா?"

அதனால் கதவில்லாமல் ஓட்டலாமா என்று வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் சட்டம் பேசுவதில்லை, கழற்றின கதவை வீட்டில் எந்த டூட்டிக்குப் போடுவீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.