மா செல்வியிடம் சொன்ன பொய்

விடுமுறைக்கு வந்த யாங்கூனில், பசுந்தாங் சந்தைக்கு எதிரே, ஒரு டீக்கடையில் மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். கடை நடத்தும் செல்வி அக்காவை இங்கே பர்மிய வழக்கப்படி மா செல்வி என்கிறார்கள்; அவர் பர்மியம் கலந்த தமிழில் என்ன படிக்கிறேன் என்று கேட்கிறார். லண்டனில் இரண்டு ஆண்டு, பாரிஸில் இரண்டு ஆண்டு, இரண்டு நாட்டுச் சட்டமும் சேர்த்துப் படிக்கிறேன் என்று பெருமையாகச் சொல்கிறேன்.

உடனே உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் ஒரு காகிதம் கொண்டுவருகிறார். துறைமுகத்தில் வேலை பார்த்த அவருடைய கொள்ளுத்தாத்தாவின் வேலைச் சான்றிதழ், ஆங்கிலத்தில்.

"மகளுக்குக் குடியுரிமை அட்டை எடுக்க, முன்னோர் இங்கதான் இருந்தாங்கன்னு காட்டணுமாம். இது போதுமா, தங்கச்சி?"

எனக்குத் தெரியாது. ஆனாலும், "போதும்க்கா" என்கிறேன்.

அவர் முகம் மலர்கிறது. மகளுக்குப் போன் போட்டுப் பர்மியத்தில் படபடவென்று பேசுகிறார். "நாளைக்கே வேலைக்கு லீவு போட்டுட்டு ஆபீசுக்குப் போவச் சொல்லிட்டேன்."

எனக்குக் காது சுடுகிறது.

"மன்னிச்சிருங்கக்கா. இந்த நாட்டுச் சட்டம் நான் படிச்சதே இல்ல. தெரியாதுன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு."

அவர் திட்டவில்லை. காகிதத்தைக் கவனமாக உறைக்குள் வைக்கிறார்.

"அப்ப யாரைத்தான் கேக்குறது?"

மகளை மறுபடி அழைக்கிறார். இந்த முறை மெதுவாகப் பேசுகிறார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.