பாக்கியம் அக்காவின் லாகூர்ப் படம்

மாசி மாதம், நார்த்தாமலையில் என் பிறந்த வீட்டில் இருந்தேன். புகுந்த வீடு இருக்கும் விராலிமலையிலிருந்து வந்த வண்டிக்காரர் வாசலில் நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஒங்க பாக்கியம் அக்கா போயிட்டாங்க, தாயி" என்றார். காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையாம்.

பாக்கியம் அக்கா என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி. எங்களுக்குள் சண்டை இல்லாமலா? ரசத்தில் உப்புப் போதாது என்று நான் சொல்லிவிட்டால் அன்று முழுவதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். சாயங்காலம் அவரே சீப்பும் கையுமாக வந்து எனக்குத் தலை வாரிவிடுவார்.

அவருடைய கணவரைப் பெரியவர் என்போம். யுத்தம் தொடங்கியதும் பட்டாளத்தில் சேர்ந்து லாகூருக்குப் போனார். லீவில் வரும்போது ஸ்டூடியோவில் அவர் முகம் தெரியப் படம் பிடித்துக் கொண்டுவரும்படி அக்கா கேட்டிருந்தார். அவர் கொண்டுவந்ததோ ஏதோ பழைய கடையில் வாங்கிய படம். பழுப்பேறிய காகிதத்தில், கும்மட்டமும் மாடங்களுமாக ஒரு பெரிய கட்டடம். சுவரோரம் தலைப்பாகையோடு ஓர் ஆள். சுண்டுவிரல் உயரம்கூட இல்லை, முகமும் தெரியாது. சீக்கிய மகாராஜா ஒருவருடைய இடம் என்று மட்டும் சொன்னார். அக்காவுக்கு வந்ததே கோபம்! பெரியவர் சிரித்தார். "என் மூஞ்சியத்தான் நேர்லயே பாக்குறியே, புள்ள. நான் நிக்கிற எடத்தையும் பாரு. லீவு நாள்ல அங்கனதான் போயி நிப்பேன்."

அவர் திரும்பிப் போனதும் அக்கா அந்தப் படத்துக்குக் கண்ணாடி போட்டு, சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ராஜாவின் இடம் என்றால் கோயிலோ அரண்மனையோதானே என்று நாங்களும் பேசாமல் இருந்தோம். வெள்ளிக்கிழமைதோறும் படத்துக்குப் பூ. சுவரோரம் நின்ற ஆளுக்கு மட்டும் ஒரு சந்தனப் பொட்டு.

பிறகு பெரியவரை மலேயாவுக்குக் கப்பலேற்றினார்கள். அதோடு தகவல் நின்றது. யுத்தம் முடிந்த பிறகும், இருக்கிறார் என்றோ இல்லை என்றோ சர்க்கார் சொல்லவில்லை. லாகூரில் அவரோடு இருந்த கட்டுமாவடிக்காரர் ஒருவர் எங்களை விசாரித்துப் போக வந்தார். சாமி மாடத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டார். அது மகாராஜாவின் சமாதி, அவரை எரித்த இடத்தில் கட்டியது, படம் எடுத்ததே நாமெல்லாம் பிறப்பதற்கு முந்தி என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர் வாயை அடைக்க ஒரு வடை இல்லாமல் போனதே என்று எனக்கு இருந்தது.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சமாதிக்குப் பூ வைத்ததால்தான் மகன் வரவில்லை என்றார். உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். இத்தனை வருஷமாயிற்று, முறைப்படி தாலியை இறக்கிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அக்கா படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"செத்தது ராசா. சமாதி அவருக்குத்தான். பக்கத்துல நிக்கிற ஆளு உசுரோடதானே நிக்கிறாரு?"

படம் சாமி மாடத்திலிருந்து அடுப்படிக்கு இடம் மாறியது. தாலி கழுத்திலேயே இருந்தது. வெள்ளிக்கிழமைப் பொட்டும் நிற்கவில்லை. அந்த ஆள் பெரியவர் பிறப்பதற்கு முந்தியே நின்றவராயிற்றே என்று ஒருநாள் கேட்டேன். கீரையை ஆய்ந்துகொண்டே, "எனக்குத் தெரியாதாக்கும்? எடம் அதுதானே" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். நெற்றி வெறுமையாக இருந்தது. சுமங்கலியாகக் குங்குமம் வைத்து அனுப்பலாமா, கூடாதா என்று பெண்கள் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கைம்பெண்ணான பிறகு அவர் குங்குமச் சிமிழைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அன்று அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"எம் மகன் நிக்கிறான். நல்லாப் பெருசா வையி."

வைத்தேன். விரலில் மிச்சம் ஒட்டியிருந்ததை அடுப்படிக்குப் போய், சுவரோரம் நிற்பவருக்கு வைத்தேன்.

போயிட்டு வாங்க, அக்கா. அவுக அங்கனதான் நிக்கிறாக.