தூவும் வூவும்

ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில், ஒரு ஸ்பூன் ஏன் கீழே விழுந்தது என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்து ஃபிளாட்டில் அப்பா, அம்மா, நான், கூடவே அம்மாவின் தங்கையான சித்தி. சித்திக்கும் எனக்கும் ஒரே அறை, ஒரே கட்டில். தூங்க ஆரம்பித்தால் அவள் காலைத் தூக்கி என்மேல் போட்டுவிடுவாள். காலையில் எழுந்ததும் அதைப் பற்றி அம்மாவிடம் புகார் சொல்வேன். ஆனால் அவள் ஊருக்குப் போன நாட்களில் எனக்குத் தூக்கம் வராது.

சித்தி வேலை பார்த்த ஐ.டி. கம்பெனியில் அவளுடைய பிராஜெக்ட் முடியப்போகிறது, அடுத்து நொய்டா என்று சொல்லிவிட்டார்கள். இங்கேயே இருக்க வேண்டுமானால் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் பிரிவுக்கு மாற வேண்டும். பிளஸ் டூவில் மார்க்குக்காகத் தமிழைக் கைவிட்டுப் பிரெஞ்சு எடுத்தவள் சித்தி. அந்த மார்க்கை நம்பி வார இறுதி வகுப்பில், அதுவும் உயர்நிலையில், துணிந்து சேர்ந்துவிட்டாள். முடிவில் ஒரு பிரெஞ்சுக் கதையை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துத் தேற வேண்டும். தேறினால் எங்கள் கட்டில், இல்லாவிட்டால் நொய்டா. நான் தினமும் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, சித்திக்குப் பிரெஞ்சு வரச் செய்யும் மாதாவே என்று மன்றாடினேன்.

கதை சின்னதுதான். மாடியில் ஒருவர் குடியிருக்கிறார், கீழே ஓர் அம்மாள். வருஷக்கணக்காக மரியாதையாகப் பேசிப் பழகியவர்கள். ஒரு மழை நாளில் இரண்டு பேரும் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது அவர், குளிருகிறதா என்று கேட்கிறார். உடனே அந்த அம்மாள் கையிலிருந்து ஸ்பூன் விழுந்துவிடுகிறது. சித்தி அப்படியே எழுதிக் கொடுத்தாள். வகுப்பு ஆசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்: ஸ்பூன் ஏன் விழுந்தது?

இரவுச் சாப்பாட்டில் சித்தி எங்களுக்கு விளக்கினாள். பிரெஞ்சிலும் நம்மைப் போலவே நீ, நீங்கள் இரண்டும் உண்டு. 'நீங்கள்' என்பதற்கு 'வூ', 'நீ' என்பதற்கு 'தூ'. அன்றைக்குத்தான் அந்த மனிதர் முதன்முதலாகத் 'தூ' போட்டு, உனக்குக் குளிருகிறதா என்று கேட்கிறார். ஆங்கிலத்திலோ எல்லாவற்றுக்கும் ஒரே 'யூ'.

"மரியாதை இல்லாததுக்கு 'தூ'வா? சரியாத்தான் வச்சிருக்கான்" என்றார் அப்பா.

"கல்யாணமான நாள்லேர்ந்து எனக்கு ஒரு 'நீங்க' கிடைச்சதில்ல. என் கையிலேர்ந்து எந்தக் கரண்டியும் விழுந்ததுமில்ல" என்றாள் அம்மா. அப்பா ரசத்தில் கவனமானார்.

வழி கண்டுபிடித்ததும் அப்பாதான். மாதாவைத் தமிழில் 'உம்முடனே' என்று கும்பிடுகிறோம், ஆங்கில ஜெபத்திலோ 'பிளெஸ்ட் ஆர்ட் தௌ' என்று வருகிறது, ஆகவே 'தௌ' என்பதுதான் ஆங்கிலத்தின் மரியாதைச் சொல் என்று அடித்துச் சொன்னார். சித்தி கதை நெடுக 'தௌ' போட்டாள். ஸ்பூன் விழும் இடத்தில் மட்டும் 'யூ'. ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தாராம். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் 'தௌ'தான் நீ, 'யூ'தான் நீங்கள், எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிட்டீர்கள் என்றாராம். அப்பா அதிர்ந்துபோனார். இத்தனை வருஷமாக மாதாவை நீ என்றா கூப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று ஒரு வாரம் தமிழிலேயே ஜெபம் சொன்னார்.

சித்தியோடு அந்த வகுப்பில் படித்த ஒருவர் ஆவடி சேக்காட்டில் இருந்தார். மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், பிரெஞ்சு இயந்திரங்களோடு வரும் குறிப்புகளைப் படித்துச் சொல்வது அவர் வேலை. சாயங்காலமானால் போன் வரும். சித்தி ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் மேல் வைத்துவிட்டு அகராதியைப் புரட்டுவாள். "மேடம், இந்த வரிக்கு இன்னா போட்டீங்க?" என்பார் அவர். "இன்னும் இல்ல சார், நீங்க?" என்பாள் சித்தி. ஸ்கூல் பஸ் டிரைவர் மாதிரி பேசுகிற ஒருவர் வாயிலிருந்து நடுநடுவே பிரெஞ்சு வருவது எனக்கு ஒரே வேடிக்கை. அவருக்குச் சேக்காட்டு மாமா என்று நானே பெயர் வைத்தேன்.

கெடு நெருங்கிய ஒரு சாயங்காலம். வெளியே நல்ல மழை. சித்தி, எனக்கு வராது சார், நான் நொய்டாவுக்கே போறேன் என்று அழுகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்குப் பொறுக்கவில்லை. சித்தியைப் பெயர் சொல்லி அழைத்து, "இன்னா நீ, இன்னும் அந்த ஸ்பூனையே புட்ச்சிகினு கீற? சாப்ட்டியா இல்லியா மொதல்ல?" என்றார்.

சித்தியின் பேனா உருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று. நான் குனிந்து தவழ்ந்து எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் கையை நீட்டவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாரி மேடம், வாய் தவறி வந்துட்ச்சி."

"பரவால்ல" என்றாள் சித்தி. கொஞ்சம் பொறுத்து, "நீ சாப்ட்டியா?" என்றாள்.

அன்றைக்கே அவள் கதையைத் திருத்திவிட்டாள். அந்த மனிதர் முதலிலிருந்தே அந்த அம்மாளை 'மேடம்' போட்டுத்தான் பேசுகிறார். மழை நாளில் மட்டும் மேடத்தை விட்டுவிட்டுப் பெயரைச் சொல்லி, குளிருகிறதா என்று கேட்கிறார். ஸ்பூன் விழுகிறது. இந்த முறை சிவப்பு மையில் கேள்வி எதுவும் வரவில்லை. சித்தி தேறிவிட்டாள்! நானும் அவளும் கட்டிலில் ஏறிக் குதித்த குதியில் கீழ் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார். அப்பா பிரியாணி வாங்கி வந்தார். எனக்கு வாழ்க்கையில் அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகும் போன் வந்தது, பாடம் எதுவும் இல்லாமலேயே. அதில் 'நீ'யும் போய், போடா, லூசு எல்லாம் வந்தன. ஆக, நெருங்கிய சிநேகிதர்களுக்குத் தூ, மற்றவர்களுக்கு வூ. இந்தப் பாடத்தை நான் நன்றாகவே பிடித்துக்கொண்டேன்.

அடுத்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பிய பிறகு, சேக்காட்டு மாமா அவருடைய அப்பா அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தியாக நின்றது. சித்தி பட்டுப் புடவையில் காபித் தட்டோடு வந்து, "சர்க்கரை போதுமாங்க?" என்று அவரிடம் கேட்டாள். "போதுங்க" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்குப் பகீரென்றது. நேற்றுவரை போடா என்றவள் இன்றைக்கு வாங்க போங்க என்கிறாள். அவரும் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் முந்தானையை இழுத்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "அம்மா, ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. நேத்துகூட வாடா போடான்னு பேசினா. இன்னிக்கு பாரு, நீங்கங்கறா!"

அம்மா என் கையைக் கிள்ளினாள். சித்தியின் முகம் சிவந்துவிட்டது. முதலில் சிரித்தவர் சேக்காட்டு மாமாவின் அம்மாதான். என்னைப் பக்கத்தில் இழுத்துத் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா கண்ணு, சண்டதான். உங்க சித்திய எங்க ஊட்டுக்கு இட்டுகினு போய் நாங்க தீத்து வெக்கிறோம். இட்டுகினு போவட்டா?"

இவ்வளவு நல்லவர்களா இவர்கள் என்று எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

"கூட்டிட்டுப் போங்க" என்றேன் நான், எல்லோரையும் முந்திக்கொண்டு.