சயாமுக்குப் போன பெரட்டு

மழை நாளில் ரப்பர் மரத்தில் கத்தி வைக்க மாட்டோம். பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்கு வராமல் மரத்தோடு வழிந்து போய்விடும். உக்குவளைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் மழை பிடித்துவிட்டால் எல்லோரும் லயத்து வீடுகளில்தான் கிடப்போம். பல்கலைக்கழகத்துச் சிங்கள ஐயா ஒருவர், மாத்தையா என்போம், வந்தது அப்படி ஒரு நாளில். எந்த வருஷம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் மூத்தவளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. அறுபதுகளின் நடுவில் இருக்கும்.

கறுப்புக் குடை, தோல் பை, தடித்த கொப்பி. அவர் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கொப்பியை விரித்ததுதான் தாமதம், பத்துப் பன்னிரண்டு பேர் பிறப்புத் துண்டு, பழைய கடதாசி என்று கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றுவிட்டார்கள். அந்த நாளில் லயத்துக்கு வந்து ஒருவர் கொப்பி விரித்தால் இந்தியாவுக்கு அனுப்பவா, இலங்கையிலேயே வைக்கவா என்ற ஒரே விஷயத்துக்குத்தான் என்று எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

"ஐயா, என்னய இங்கயே எழுதிக்குங்க," என்றாள் ஒருத்தி. "எங்க வீட்டுக்காரர வேணும்னா கப்பல்ல ஏத்துங்க. ஒரு வருஷத்துக்காவது நான் நிம்மதியா தூங்குவேன்."

மாத்தையாவுக்குத் தமிழ் தெரியாது. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். எனக்குச் சிங்களம் வரும். உக்குவளையில் ஒரு கொக்கோக் கடையில் மூன்று வருஷம் மூட்டை தூக்கினேன். முதலாளி திட்டுவதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்று கற்றுக்கொண்டது. அதனால் என்னைத்தான் இழுத்து உட்கார வைத்தார்கள்.

அவர் சொன்னது இதுதான். கடைசிப் பெரிய யுத்தத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை ஜப்பான்காரன் பிடித்துப் போய் சயாம் காட்டில் ரயில் ரோட்டு போட வைத்தானாம். இந்தக் காலத்து யுத்தங்களில் மனுஷனை எப்படி அடிமையாக்கினார்கள் என்று அவர் எழுதிக்கொண்டிருக்கிறாராம். அங்கிருந்து தப்பி வந்த ஒருவர் இந்தத் தோட்டத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டாராம்.

இருந்தார். லயத்தின் கடைசிக் காம்பராவில். மலாயாக்காரர் என்றுதான் பெயர். அவரைப் பற்றி எனக்கும் வெகுநாளாக ஒரு யோசனை உண்டு. விடியக்காலையில் தப்புப் பறை அடித்தால் நாங்கள் எல்லோரும் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்போம். கணக்கப்பிள்ளை பேர் போடுவார். மலாயாக்காரர் மட்டும் வரிசைக்கு வர மாட்டார். ஸ்டோர் சுவர் ஓரமாகத் தள்ளி நிற்பார். "மாப்பிள்ளையக் கையப் புடிச்சுக் கூட்டியாரணுமாக்கும்," என்று கங்காணி எத்தனையோ தரம் குத்திப் பார்த்தார். அசைய மாட்டார். சயாம் என்று யாராவது வாயெடுத்தால் எழுந்து போய்விடுவார்.

மாத்தையாவைக் கூட்டிக்கொண்டு போனபோது, மலாயாக்காரருடைய தம்பி மகள் என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டாள். அவள் மடிக் குழந்தையாக இருக்கும்போது அண்ணனும் தம்பியுமாக மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். யுத்தம் முடிந்து அண்ணன் மட்டும் வந்தார். இவளுடைய அம்மாவும் செத்த பிறகு அவர்தான் வளர்த்தார்.

"அண்ணே, எங்கப்பாவ எப்படிப் புடிச்சாங்கன்னு கேக்கச் சொல்லுங்க."

"நீயே கேளேன் தங்கச்சி."

"கேக்காமலா இருந்தேன்? செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பிருவாரு. கொப்பி வச்சிருக்கிற மனுசன் கேட்டா எந்திரிக்க மாட்டாரு. அவருக்கு அந்த மரியாதை உண்டு."

அவள் கணக்கு சரிதான். மாத்தையா கும்பிட்டதும் மலாயாக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து பலகையில் நேராக உட்கார்ந்தார். மாத்தையா கேட்டதை நான் தமிழில் சொன்னேன். அடிமை என்றதும் அவர் என்னைப் பார்த்தார்.

"அடிமைன்னா வெலைக்கு வாங்கணும்ல? எங்கள எவனும் வாங்கல. சும்மாதான் கூட்டிட்டுப் போனான்."

அதைச் சிங்களத்தில் சொன்னேன். மாத்தையா எழுதுவதை நிறுத்தி, திரும்ப ஒரு தரம் சொல்லச் சொன்னார். பிறகுதான் எழுதினார்.

அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. மாத்தையா கேட்கிற மாதிரியே கேட்டேன். "ஒங்களையும் தம்பியையும் எப்படி மாமா புடிச்சாங்க? காட்டுல ஓடி ஒளியலியா?"

குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"எதுக்கு ஓடணும்? காலையில தப்பு அடிச்சாங்க. எப்பவும் அடிக்கிற தப்புதான். வெள்ளக்காரத் தொரை போயிட்டாரு. ஆனா தப்பு நிக்கல. பெரட்டுக்கு வந்து பேர் விழுந்தாத்தான் அந்த வாரத்துக்கு அரிசி. வந்து வரிசையா நின்னோம். கிராணி பேர் வாசிச்சாரு. லாரி பின்னால நின்னுச்சு. ஏறச் சொன்னாங்க, ஏறுனோம். பழக்கந்தானே? வேற டிவிசன்ல வேலைன்னு நெனச்சோம்."

"ஒங்க தம்பியும் அப்படியே ஏறிட்டாரா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. குசினி வாசலைப் பார்த்தார். அவள் அங்கே வந்து நின்றுகொண்டிருந்தாள். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். செருப்பும் பக்கத்திலேயே கிடந்தது.

"அவன் பெரட்டுக்கு வரல," என்றார். "காய்ச்சல். காம்பராவுல படுத்துக் கெடந்தான். நாந்தான் போயி எழுப்புனேன். பேர் விழலைன்னா அரிசி இல்லடா, நின்னுட்டு வந்து படுத்துக்கடான்னு தோள்ல கையப் போட்டு இழுத்துக்கிட்டு வந்தேன். கடைசிப் பேரு அவன் பேரு."

இதை நான் சிங்களத்தில் சொல்லவில்லை. கிட்டத்தட்ட இருபது வருஷமாக அந்த ஸ்டோர் சுவரை அவர் ஏன் பிடித்துக்கொண்டு நின்றார் என்று விளங்கியதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

அவள் உள்ளே போகவில்லை. அழவும் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"நீங்க எழுப்பலைன்னா வுட்டுட்டுப் போயிருப்பாங்களா பெரியப்பா?"

"காம்பராவுல இருந்த ரெண்டு பேர வுட்டுட்டுத்தான் போனாங்க."

"அந்தக் காய்ச்சல் போற வழியில வுட்டுச்சா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. "ரயில்லயே வுட்டுருச்சு," என்றார். "சயாம்ல எறங்கும்போது என்னய விட அவன் நல்லா இருந்தான். மூங்கில் வெட்டுறதுல அவந்தான் வெரசு. ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தான். அப்புறம் வாந்திபேதி வந்துச்சு."

"அந்த மழைக்காலத்துல என்ன சாப்பிட்டாரு?"

"புழு வுழுந்த அரிசிக் கஞ்சி. அவன் காட்டுக் கீரை பிடுங்குவான். நம்ம ஊரு கீரை மாதிரி ஒண்ணு இருந்துச்சு."

"என்னயப் பத்திப் பேசுவாரா?"

"நீ நடந்திருப்பியான்னு கேப்பான். எனக்கு என்னடா தெரியும்பேன்."

மாத்தையா என் முழங்கையைத் தொட்டார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். எதையாவது சொல்லியிருக்கலாம். தம்பியைப் பற்றிப் பேசுகிறார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் சொன்னேன். நல்ல மனுஷன். பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கே எரித்தார்கள், யார் யார் கூட நின்றார்கள், அவன் கத்தியை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று ஒவ்வொன்றாக. தேத்தண்ணி ஊற்ற அவளுக்கு நினைவே வரவில்லை. நான்தான் போய் அடுப்பை ஊதினேன்.