வெட்டலாமா, வேணாமா

2001 செப்டெம்பர்: ஏழாம் நம்பர் மலையில் இறப்பர் பால் 503 கிலோ.
2003 செப்டெம்பர்: 688 கிலோ.
2004 மே 10: முதல் பரிசு, 750 ரூபாய்.
2005 செப்டெம்பர்: 541 கிலோ.
2006 செப்டெம்பர்: 347 கிலோ.

மழை விட்ட காலையில் இருளாயி கத்தியை எடுக்கமாட்டாள். முதலில் புறங்கையை மரத்தில் வைப்பாள். உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்கு ஈரம் தெரியாது என்பது அவள் எண்ணம். வெட்டுக்கோட்டுக்கு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. பிறகு அதே புறங்கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். "இன்னும் குளிருது. பத்து மணிக்கு மேல வருவோம்" என்பாள்.

பெல்மதுளைக்குத் தெற்கே உள்ள அந்த இறப்பர் தோட்டத்தில் அவள் பால் வெட்டத் தொடங்கியது 1979 பெப்ரவரியில். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் உரப்பை. கத்தியை யாருக்கும் இரவல் தரமாட்டாள், புருஷன் மரவள்ளிக்கிழங்கு சீவக் கேட்டாலும். பால் தராத ஒரு பருத்த மரத்துக்குத் 'தலைவர்' என்று பெயர் வைத்திருந்தாள். "ஒரத்த மட்டும் நல்லாத் திம்பாரு" என்பாள்.

அந்தப் பக்கத்தில் மழை இல்லாத வாரம் குறைவு. ஈர மரத்தில் வெட்டினால் பால் சிரட்டைக்கு வராமல் பட்டையெல்லாம் வழியும். அது ஒரு நாள் நட்டம். வெட்டின இடம் கறுத்து அழுகினால் அந்தப் பக்கம் பிறகு பட்டை கட்டாது. வெட்டலாமா வேண்டாமா என்பதைச் சொல்வது, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்து மணி. மணியடிக்கிறவர் மரத்தைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

2001 ஒக்டோபரில் தோட்டத்து உதவி மேலாளரான சின்னதுரை மோட்டார் சைக்கிளோடு விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஏழாம் நம்பர் மலை செங்குத்தானது, அவரால் ஏற முடியாது. இருளாயி உட்பட அங்கே பால் வெட்டும் எட்டுப் பெண்களையும் அழைத்து, தெரிந்த கொஞ்சத் தமிழில், "உங்க மலை. நீங்களே பாருங்க" என்றார். காலில் கட்டு அவிழ்த்தபோது கிலோ ஏறியிருந்தது. சொன்ன சொல்லை அவர் திரும்ப எடுக்கவில்லை.

எட்டுப் பேரும் மரங்களைத் தாங்களே பிரித்துக்கொண்டார்கள். முழங்கால் நோவுள்ள மரியாயிக்கு அடிவாரத்து மரங்கள். வெயில் முதலில் விழும் கிழக்குச் சரிவில் முதல் வெட்டு, அடிவாரத்தில் கடைசி. ஐந்து பேர் வேண்டாமென்றால் ஒருத்தியும் கத்தி வைப்பதில்லை. சண்டைக்கும் குறைவில்லை.

"ஒங் கைக்கு மட்டுந்தான் ஈரம் தெரியுமோ? நாங்கெல்லாம் கட்டையா?" என்று மரியாயி ஒருநாள் எகிறினாள்.

"கட்டன்னா பரவால்லியே மரியாயக்கா, அது பேசாது."

சிரித்து முடித்துத்தான் கை தூக்கி எண்ணினார்கள். வெட்டில்லாத காலைகளில் யாரும் சொல்லாமலே சிரட்டை கழுவினார்கள். இரண்டரை வருடத்தில் எட்டுப் பேரில் ஒருத்தி வேலைக்கு வராமல் நின்ற நாட்கள் மொத்தம் பதினொன்று.

2004 ஏப்ரலில் சின்னதுரைக்கு இடமாற்றம் வந்தது. புதிதாக வந்த மேலாளர், பெரியதுரை, கணக்கைப் பார்த்து மகிழ்ந்துபோனார். இவ்வளவு நல்ல வேலைக்குப் பரிசு வேண்டாமா? மாதம் அதிக கிலோ கொண்டுவருகிறவளுக்கு 750 ரூபாய் என்றார். போட்டி நியாயமாக நடக்க வேண்டுமே, ஆகவே இனி எல்லா மலைக்கும் ஒரே மணி. பெரட்டுக்களத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். இருளாயியும் தட்டினாள். முதல் பரிசு அவளுக்கே கிடைத்தது. ஒரே மணி என்றால் என்னவென்பது வீட்டுக்குப் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் கணக்கப்பிள்ளை சுமனிடம் போய், "ஐயா, பரிச நீங்களே வச்சுக்கங்க. வெட்டலாமா வேணாமாங்கிறத மட்டும் எங்ககிட்ட விட்டுருங்க" என்றாள்.

"காசு கசக்குதா இருளாயி? சரி, ஒனக்கு வேணாம்னா இன்னொருத்தி எடுத்துக்குவா."

ஜூலையில் ஒரு காலை, மரங்கள் சொட்டிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. மரியாயி மரத்தில் கத்தியை வைத்தாள்.

"அக்கா, பட்ட நனஞ்சிருக்கு. வேணாம்."

"தெரியும் புள்ள. மணியடிச்சவனுக்கில்லாத யோசன எனக்கு எதுக்கு? ஆழமா வெட்டுனா எழுநூத்தம்பதாச்சும் மிஞ்சும்."

வெட்ட மறுத்தால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம். இருளாயி மூன்று நாள் மறுத்தாள். மூன்று அரைப்பேர் விழுந்தது. நான்காம் நாள் அவளும் வெட்டினாள்.

அந்த வருடக் கடைசியில் கறுத்த மரங்கள் 31. 2006 ஓகஸ்டில் 214. சிரட்டை கழுவ ஆளில்லை. என் மரம், உன் மரம் என்றே பேச்சு ஆகிப்போனது.

கூட்டுறவுக் கடை ரொபர்ட்டைக் கொண்டு இருளாயி கொழும்புத் தலைமையகத்துக்கு மூன்று கடிதம் எழுதுவித்தாள். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, 'பெறப்பட்டது' என்று ஒரு வரி. மூன்றாவதில் கேட்டது ஒன்றுதான்: பரிசு வேண்டாம், மழை நாளில் வெட்டுவதை நாங்கள் தீர்மானிக்கிறோம். எட்டுப் பேரும் ஒப்பமிட்டார்கள்.

"எம் பேர மொதல்ல போடு தம்பி. அதிக மரத்த அழுக வச்சவ நாந்தானே" என்றாள் மரியாயி.

பதிலை ரொபர்ட் கடை வாசலில் வாசித்தான். தொழிலாளர் காட்டும் ஆர்வத்தை நிறுவனம் பாராட்டுகிறது. பரிசு 1,500 ரூபாயாக உயர்த்தப்படுகிறது. வருடத்தின் சிறந்த பால் வெட்டுநருக்குச் சுவர்க் கடிகாரம்.

"மழையப் பத்தி?" என்றாள் இருளாயி.

ரொபர்ட் தாளைத் திருப்பிப் பார்த்தான். "ஒண்ணும் இல்லக்கா."

மறுநாள் தூறலில் மணி அடித்தது. பால் வெட்டுகிறவர்கள் இடப்பக்கமும் புல் சுரண்டுகிறவர்கள் வலப்பக்கமும் வரிசையாக நின்றார்கள். இருளாயி தான் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு வந்தாள். வாளியை அங்கே இறக்கி வைத்தாள். களத்தைக் குறுக்கே கடந்துபோய், புல் சுரண்டுகிறவர்களின் வரிசையில் கடைசி ஆளாக நின்றாள். சுமன் இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

கடிதம் வந்தது அதற்கு முந்திய நாள், 2006 ஒக்டோபர் 11, புதன்கிழமை.